கெடை போட்ட காடு

ஆடு எப்படி ஆத்தா காடு வளக்கும்னு கேக்குற. ஆடு காட்டை மேயும், அழிக்கும், அதுதான நீ படிச்ச படிப்புல இருக்கு. நான் இல்லைங்கலை. ஆனா உன் போனுல ஒரு படம் காட்டுனியே, வானத்துல இருந்து எடுத்ததுன்னு, அதுல முன்னாடி மஞ்சளாக் கெடந்த எடமெல்லாம் இப்ப பச்சையா இருக்குன்னு. மழை கொறைஞ்சதுங்குற, சனம் ஊரை விட்டுப் போனதுங்குற, அதனால வெள்ளாமை காடு முள்ளுக்காடா மாறிருச்சுங்குற. சனம் போனது மெய்தான். மழை பொய்ச்சதும் மெய்தான். ஆனா அந்தப் பச்சை தானா வந்தது இல்ல தாயி. நான் வளத்தது. நம்பலைன்னா போ, எனக்கு ஒன்னும் கொறைச்சல் இல்ல.

சிரிக்காத. சேரை நெழலுக்குள்ள இழுத்துப் போட்டு உக்காரு. எறும்பு இருக்கும், பாத்து.

ஆத்தோரம் பூராவும், கடல் வரைக்கும் இப்படித்தான் பச்சையா இருக்கா? இருக்கட்டும். அந்த ஊர்லயெல்லாம் தானா வந்திருக்கும். இங்க வந்தது என்னால. ரெண்டையும் ஒன்னாப் போட்டுக் கொழப்பாத.

எங்க வம்சத்துல பழி வாங்காமச் செத்தவுகளே கெடையாது. எங்க அப்பத்தா, எங்க அய்யாவப் பெத்தது, கூடப்பொறந்த தம்பியோட ஒரு வெங்கலப் பானைக்காகப் பேச்சை விட்டுச்சு. சாகுற வரைக்கும் பேசலை. பேசலைங்கிறது அந்த மனுசனுக்கு மறந்துரக் கூடாதுல்ல, அதுக்காக ஒவ்வொரு பொங்கலுக்கும் ரெண்டு பஸ்ஸு மாறி அவரு ஊருக்குப் போகும். வாசல்ல போய் உக்காந்து பேசாம இருக்கும். அவரு பொண்டாட்டி காப்பித் தண்ணி குடுக்கும். குடிச்சிட்டு, பேசாமத் திரும்பி வந்துரும். பழின்னா அப்படிப் பேணணும். சும்மா கத்தியத் தூக்கிக்கிட்டு ஓடுறதெல்லாம் ஆம்பளைக வேலை. ஒரே நாள்ல முடிஞ்சிரும்.

எங்க விட்டேன்? ஆங், வயலு.

நீ ஆத்துப் பக்கமா இருந்துதான வந்த. ஆத்துல இருந்து ஒரு வாய்க்கால் பிரிஞ்சு நம்ம கம்மாயில விழுகும். கம்மாய் மடையில இருந்து இன்னொரு கால் எறங்கி வயலுக்கு வரும். அந்தக் கால்ல மொதல்ல இருக்குறது என் கொழுந்தன் பூவலிங்கத்தோட வயலு. எங்க வீட்டுக்காரரோட கூடப்பொறந்த தம்பி. அதைத் தாண்டி வந்தாத்தான் எங்க வயலு. கடைமடை. கடைமடைக்காரன் பொழப்பு என்னன்னா, மேல இருக்குறவன் மனசு வச்சாத்தான் நமக்குத் தண்ணி. மாமனாரு பங்கு பிரிக்கும்போது மூத்தவருக்கு மேமடைன்னுதான் சொன்னாரு. இவுகதான், எங்க வீட்டுக்காரரு, பெரிய தர்மரு, 'தம்பி சின்னவன், அவனுக்கு மேமடையக் குடுங்க'ன்னு விட்டுக் குடுத்தாக. அன்னைக்கே அவுக தலையில நான் ரெண்டு தட்டுத் தட்டியிருக்கணும்.

நடுவுல ரெண்டு மூணு வருசம் மழை இல்ல. கால் காஞ்சு கெடந்துச்சு. பூவலிங்கம் பாத்தான். தண்ணி வராத கால் எதுக்கு இம்புட்டு அகலம்னு, ஏரைப் பூட்டிக் காலையும் சேத்து உழுதுட்டான். கரைய வெட்டிப் பள்ளத்துல தள்ளி, மட்டமாக்கி, அதுலயும் குண்டு மொளகா போட்டுட்டான். நான் போய் நின்னேன். 'மழை பேஞ்சா மறுபடி தோண்டிக்கிருவோம் மதினி, எங்க போயிரப் போகுது'ன்னான்.

மறுவருசம் பேஞ்சுது பாரு மழை. கம்மாய் நெறைஞ்சு மறுகால் போச்சு. எங்க வயல்ல நெல்லு விட்டிருந்தோம், மழையக் கொண்டே வளந்து கதிரு வர்றதுக்குப் பொதி கட்டி நின்னுச்சு. அந்த நேரத்துல மழை நின்னு போச்சு. ஒரே ஒரு தண்ணி பாய்ச்சுனாப் போதும். கம்மாய் நெறைய தண்ணி கெடக்கு, எங்க வயலுக்கு வர வழி இல்ல. அவன் தோண்டலை. மொளகா பழுக்குற நேரம், இப்பத் தோண்டுனா செடி போயிரும்னான். எங்க வீட்டுக்காரரு ஊர்க்கூட்டத்துல சொன்னாக. அண்ணன் தம்பி விவகாரம், ஊரு தலையிடாதுன்னுட்டாக. நெல்லு நின்னது நின்னபடியே பதராப் போச்சு. பதரை அறுத்திருக்கியா நீ? அருவா போடும்போது நெல்லு குலுங்குற சத்தமே வராது தாயி. வைக்கோல் மட்டும் சரசரன்னு சாயும்.

நான் விடலை. டீக்கடையில நாலு பேரோட அவன் உக்காந்திருக்கும்போது போய் நேருக்கு நேரா நின்னேன். 'எங்க தண்ணிக்கு என்னடா வழி'ன்னேன். அவன் டீயக் குடிச்சிக்கிட்டே, என்னைய நிமிந்துகூடப் பாக்காம, 'தண்ணி கேட்டு நிக்காத மதினி. முள்ளை வெதை. அதுக்குத் தண்ணி வேணாம்'னான். எல்லாரும் சிரிச்சாங்க. டீ ஆத்திக்கிட்டிருந்தவனும் சிரிச்சான். அவனுக்கு எங்க வீட்டுப் பால்தான் போய்க்கிட்டிருந்துச்சு. மறுநாள்ல இருந்து நிறுத்திட்டேன். அது கணக்குல வராது, அது சில்லறைப் பழி.

எங்க வீட்டுக்காரரு அதுக்கப்புறம் ஊர்ல தங்கலை. திருப்பூர்ல பனியன் கம்பெனி ஒன்னுல வாச்மேனாப் போனாக. போனவுக வேன்லதான் வந்தாக, பொணமா, படுத்தபடிக்கு. என்னமோ மூச்சு அடைப்புன்னாங்க. எனக்குத் தெரியும் என்ன அடைச்சதுன்னு. கால் அடைச்சதுதான்.

இப்ப உனக்குப் புரியுதா, அவன் வாயாலயே சொன்னான், முள்ளை வெதைன்னு.

சீமைக்கருவேலை மரம் தெரியும்ல, நீ வர்ற வழி பூரா ரெண்டு பக்கமும் பாத்தியே, அதான். எங்க மாமியா சொல்லும், அது சின்னப் பிள்ளையா இருக்கையில சர்க்கார் ஜீப்பு வந்து வெதை குடுத்துச்சாம். வேலிக்கு ஆகும், வெறகுக்கு ஆகும்னு. எங்க மாமியாவோட அம்மா ஒரு படி கூடுதலா வாங்க ஜீப்பு பின்னாடியே ஓடி, முள்ளு குத்திக் காலு சீழ் வச்சுப் போச்சாம். வெதைக்கு முன்னாடியே முள்ளு வந்திருச்சுன்னு சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். நல்ல மாமியா. என்னைய ஒருநாள் கூட ஏன்னு கேட்டது இல்ல. சோறு வடிக்கத்தான் தெரியாது.

அந்தக் காய் இருக்கே, மஞ்சளா, நீளமா, கடிச்சா இனிக்கும். ஆடு உசுரை விட்டுத் திங்கும். வெதை மட்டும் செமிக்காது. வயித்துக்குள்ள போயி, ஊறி, அப்படியே புழுக்கையோட வரும். அந்த வெதையக் கையில எடுத்து ஊனிப் பாரு, பாதிதான் மொளைக்கும். ஆட்டு வயித்துல போய் வந்ததைப் போடு, ஒன்னு பாக்கியில்லாம மொளைக்கும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரலை. எங்க வீட்டு ஆட்டுக் கொட்டடிக் குப்பையப் பாத்தாலே தெரியும்.

அப்பத்தான் பூவலிங்கம் பொண்டாட்டி பஞ்சவர்ணத்துக்குச் சீக்கு வந்துச்சு. வயித்துல கட்டி. மதுரைக்குக் கொண்டு போகணும், மாசக்கணக்குல ஆகும்னு சொல்லிட்டாக. பஞ்சவர்ணம் நல்லவதான், அதையும் சொல்லிரணும். எம் பிள்ளைப்பேறுக்கு அவதான் பத்தியச் சோறு ஆக்கிப் போட்டா. அவ சீக்கு வேற, என் பழி வேற. ரெண்டையும் நான் முடிஞ்சு போட்டுக்கிறது இல்ல.

அவன் மூட்டையக் கட்டிக்கிட்டு பஸ்ஸுக்கு நிக்கிறான். வயலு அந்த வருசம் தரிசுதான், வேற யாரு பாக்கப் போறா. நான் போனேன். பேச்சுவார்த்தை இல்லாம இருந்தவ, நானாப் போனேன். 'நீ போயி அவளைப் பாரு. உன் வயல்ல நான் கெடை போட்டு வைக்கிறேன். திரும்பி வந்து உழுதேன்னா பொன்னா வெளையும்'னேன்.

கெடைன்னா தெரியாதா? என்ன தாயி நீ, நெலத்தைப் பத்திப் படிக்கிறேங்குற. கோடையில வயலு சும்மாக் கெடக்கும்ல, அப்ப ஆட்டுக்காரன் மந்தைய ஓட்டியாந்து ராத்திரியில அந்த வயலுக்குள்ள அடைச்சுப் போடுவான். புழுக்கையும் மூத்திரமும் விழுந்து அது மாதிரி ஒரு எரு கெடையாது. வயக்காரன் அதுக்குக் கூலி குடுக்கணும். நெல்லோ வேறென்னமோ. ஒருத்தர் வயலுக்கு இன்னொருத்தர் தன் கூலியில கெடை போட்டுக் குடுத்தாங்கன்னா, அது பொண்ணு குடுக்குற மாதிரி. அம்புட்டுப் பெரிய உறவு.

அவனுக்குக் கண்ணுல தண்ணி வந்திருச்சு. என் ரெண்டு கையவும் பிடிச்சுக்கிட்டான். 'அண்ணனுக்கு நான் செஞ்சதை மனசுல வைக்காம'ன்னு என்னமோ சொன்னான். எனக்குச் சிரிப்பு. முந்தானைய வாயில வச்சு அமுக்கிக்கிட்டேன். நான் அழுகுறேன்னு நெனைச்சு பஞ்சவர்ணமும் அழுதுட்டா.

சோணைக் கோனாருன்னு ஒருத்தரு, கெடை ஆட்டுக்காரரு. அவரு நாய்க்கு தொரைன்னு பேரு. அதை நாயின்னு சொன்னா அவருக்குக் கோவம் வந்துரும், தொரைம்பாரு. தொரை சாப்புட்டுச்சா, தொரை எங்க போச்சு. ஒருதடவை தாலுகா ஆபீசுல இருந்து வந்தவரு, தொரை வரப்புல ஒன்னுக்கு இருக்குன்னு இவரு சொன்னதைக் கேட்டு அந்தப் பக்கமே திரும்பலை, யாரோ அதிகாரி போலன்னு. அந்த சோணைக் கோனாருக்கிட்ட நான் சொன்னேன், கூலியா காய் தாரேன்னு. கோடையில தீனிக்கு அலையிற நேரம், அவருக்கு வலிக்குமா. கம்மாக்கரை, ஆத்தங்கரை, ரோட்டோரம் பூரா நானே அலைஞ்சு பொறுக்குனேன். கையெல்லாம் முள்ளு. சாக்கு சாக்காக் கொண்டாந்து சாயங்காலம் ஆட்டுக்கு முன்னாடி கொட்டுவேன். தின்னு முடிச்சதும் பூவலிங்கம் வயல்ல அடைப்பாரு. எடம் மாத்தி மாத்தி, ஒரு மூலை விடாம. அந்த மூலைக்கு இன்னும் போடலை கோனாரேன்னு நான்தான் காட்டுவேன். 'கொழுந்தன் மேல இம்புட்டுப் பாசமா'ன்னாரு. 'ஆமா'ன்னேன்.

மழை விழுந்துச்சு. போய்ப் பாத்தேன். நாத்தங்கால் மாதிரி மொளைச்சிருந்துச்சு தாயி. அப்படி ஒரு வெள்ளாமைய அந்த வயலு கண்டதே இல்ல.

அந்த நேரத்துல யாராச்சும் ஒரு உழவு ஓட்டியிருந்தாப் போதும், போயிருக்கும். யாரு இருக்கா ஓட்ட? அவன் ஆஸ்பத்திரி வாசல்ல கெடக்குறான். ரெண்டு மழை தாண்டிருச்சு. பஞ்சவர்ணம் பொழைக்கலை. அவன் திரும்பி வந்து பாக்குறான், ஆள் ஒசரத்துக்கு நிக்குது. வெட்டுனான். வெட்டுன எடத்துல ஒன்னுக்கு நாலாக் கெளைச்சுச்சு. தீ வச்சான். அடுத்த மழைக்கு அடியில இருந்து வந்துச்சு. அப்புறம் வெட்டுறதை விட்டுட்டான். மகன் நாகரத்தினம், இதுல மனுசன் பொழைப்பானான்னு மதுரைக்குப் போயிட்டான்.

என்ன, படத்தைத் திருப்பிக் காட்டுற? தெரியுது, தெரியுது. கண்ணு நல்லாத்தான் இருக்கு. இது அவன் வயலு. இது கம்மாய்க்குள்ள. இது... ஆமா, இது எங்க வயலு. எங்க வயலும் பச்சைதான். அதுக்கென்ன இப்ப?

அது வெள்ளத்துல வந்தது. அடுத்தாப்புல ஒரு வெள்ளம் வந்துச்சுல்ல, கம்மாய் ஒடைஞ்ச வருசம். தண்ணி போக கால் இல்ல, இவன்தான் தூத்துட்டானே. அதனால இவன் வயலு மேலேயே பரந்து வந்து, காயெல்லாம் அள்ளிக்கிட்டு எங்க வயல்ல வந்து படுத்துருச்சு. கால் இருந்திருந்தா தண்ணி கால்லயே போயிருக்கும். அதுவும் அவன் பண்ணதுதான். கெணறு வத்துனதும் அவன் பண்ணதுதான், அந்த மரம் தண்ணிய உறிஞ்சுதுல்ல. எம் மகன் திருப்பூருக்குப் போனதும் அவன் பண்ணதுதான். மரத்தை யாரு வச்சதுன்னா? நான்தான். அதான் மொதல்ல இருந்து சொல்லிக்கிட்டு இருக்கேன். நீதான் நம்ப மாட்டேங்குற.

எனக்கு ஒன்னும் நட்டம் இல்ல. அந்த மரத்தை வெட்டித்தான் கரிமூட்டம் போடுறேன். மருமக காளீஸ்வரியும் நானும் வெட்டி அடுக்கி, மண்ணைப் பூசித் தீ வச்சா, நல்ல கரி. லாரிக்காரன் வாசல்லயே வந்து எடுத்துக்கிறான். இந்த மூச்செறைப்பு அந்தப் பொகையினால இல்ல. இது வயசு.

யாரு இருமுறதுன்னு பாக்குறியா? அங்க, வேப்ப மரத்தடியில, கட்டில்ல. அவன்தான். பூவலிங்கம்.

ஏன் முழிக்கிற. ஆமா, அவனேதான். காலு ரெண்டும் வெளங்காது. காதும் வாயும் மட்டும் நல்லாருக்கு. நான் சொன்னதெல்லாம் கேட்டுக்கிட்டுதான் கெடப்பான். கேக்கட்டும்னுதான் சத்தமாச் சொல்றேன்.

இவன் இங்க ஏன் இருக்கான்னா, அதைத்தான தாயி யாருக்கிட்டயும் சொல்ல முடியலை. காலு விழுந்ததும் மகன் மதுரைக்குக் கூட்டிப் போனான். ரெண்டு மாசம் வச்சிருந்துட்டு, மாடியேற முடியலை அது இதுன்னு ஒரு ஆட்டோவுல கொண்டாந்து ஊர் வாசல்ல எறக்கி விட்டுட்டான். எங்க போறன்னு ஊர்ல கேட்டதுக்கு இவன் என்ன சொன்னான்ங்குற? 'எங்க மதினி வீட்டுக்குப் போறேன். எம் பொண்டாட்டி சாகக் கெடக்கையில எனக்குக் கெடை போட்டுக் குடுத்தவ அவ ஒருத்திதான்'னு சொல்லியிருக்கான்.

ஊரே கூடி நிக்கிது. எல்லாரும் என்னைய மெச்சுறாங்க. கெடை போட்ட மகராசியாம்ல. நான் என்ன செய்ய? உள்ள வைக்கவா, வெளிய தள்ளவா? கட்டிலை எடுத்துப் போடுன்னேன்.

பழி வாங்குனா வாங்கிக்கிட்டவனுக்குத் தெரியணுமா இல்லையா. எங்க அப்பத்தா வாசல்ல போய் உக்காந்துச்சு, அந்த மனுசனுக்குத் தெரிஞ்சுச்சு. இவன் மழை மேல பழி போடுறான், விதிம்பான், காலம்பான். நான் கஞ்சி ஊத்துற நேரமெல்லாம், 'உன் கெடை மட்டும் பலிச்சிருந்தா மதினி'ன்னு கண்ணைத் தொடைப்பான். பலிச்சுதுடா, அதான் பலிச்சு நிக்கிதேன்னு வாய் வரைக்கும் வரும். கரண்டிய வேகமா வைப்பேன். அவன் அதையும் எனக்கு வேலை சாஸ்தின்னு எடுத்துக்கிருவான்.

இப்ப அந்த மகன் வாரானாம். சூரிய வெளிச்சத்துல கரண்டு எடுக்குற கம்பெனிக்காரனைக் கூட்டிக்கிட்டு. மொத்தத்தையும் மெசினை விட்டு அள்ளிப் போட்டுட்டு, கண்ணாடிப் பலகையா நிறுத்தப் போறாங்களாம். என் காட்டை வேரோட அள்ளுறதா? அதனாலதான் உன்னைய உக்கார வச்சுப் பேசுறேன். அந்தப் போனுல என்னமோ தொட்டுக் குறிக்கணும்னியே, வெள்ளாமை, தரிசு, புதரு, காடுன்னு. காடுன்னு குறி. காடுன்னு இருந்தா அந்தக் கம்பெனிக்காரன் வரமாட்டான்னு நீதான சொன்ன.

உன் படிப்பு தப்பா எழுதச் சொல்லுதா? போய்ப் பாரேன் உள்ள. நடுப்பகல்ல இருட்டாக் கெடக்கு. மயிலு இருக்கு, நரி இருக்கு. அதுக்கு மேல காட்டுக்கு என்ன வேணும்?

என்ன சொல்ற? காடுன்னு போட்டா யாருமே வெட்டக்கூடாதா. நானுமா? எங்க வயல்ல இருக்குறதுமா. ரெண்டும் ஒரே பச்சை, நடுவுல கோடு போட முடியாதுங்குற.

அப்ப மூட்டம்.

ம். இரு, யோசிக்க விடு.

யோசிக்க என்ன இருக்கு. போகட்டும் மூட்டம். எம் மகன் மாசாமாசம் அனுப்புறான், அனுப்பாட்டியும் போகுது. போடு, காடுன்னே போடு. இந்தப் பூவலிங்கம் சாகுற வரைக்கும் அந்தப் பக்கம் திரும்பிப் பாத்தா முள்ளுதான் தெரியணும்.

என்னடா? சத்தமாச் சொல்லு.

கேட்டியா தாயி, என்ன சொல்றான்னு. 'மதினி எனக்காகத்தான் சொல்லுது, காடுன்னே போட்டுரு தாயி. நாகரத்தினம் விக்க முடியாதுல்ல. எங்க அய்யா குடுத்த நெலம் என் கண்ணு மூடுற மட்டும் என் பேருல இருக்கும்'ங்குறான்.

உனக்காகவா? டேய் பூவலிங்கம், இம்புட்டு நேரமா நான் என்ன சொன்னேன்னு கேட்டியா இல்லையா. நான் காய் பொறுக்கிப் போட்டேன்டா. சாக்கு சாக்காப் போட்டேன். வேணும்னே போட்டேன்.

சிரிக்கிறான் பாரு. 'ஆடு தின்னுட்டுப் போட்டதுக்கு நீ என்ன பண்ணுவ மதினி. பசிச்ச ஆட்டுக்குத் தீனி போட்டது பாவமா'ங்குறான். நீயும் சிரிக்கிற. நீங்க ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்துல படிச்சீங்களா?

எழுது தாயி. காடுன்னே எழுது. ஆனா அவனுக்காக இல்ல. அவனுக்காக இல்லைன்னு எழுத அதுல எடம் இருக்கா? பாரு, எங்கயாச்சும் ஒரு ஓரத்துல இருக்கும். இல்லையா? இம்புட்டுப் பெரிய போனு, அதுக்கு ஒரு எடம் வைக்கலையா.

சரி, கெளம்பு நீ. கெழக்க கறுத்துக்கிட்டு வருது, மண்ணு நனைஞ்சா உன் வண்டி பொதைஞ்சிரும். ஏத்தா காளீஸ்வரி, அங்க என்ன பண்ணிக்கிட்டு இருக்க? தூத்தல் போடுது பாரு. அந்தக் கட்டிலோட உன் சின்ன மாமனை உள்ள இழுத்துப் போடு. தலைமாட்டுப் பக்கமாப் பிடி, காலு இடிக்காமப் பாத்துக் கொண்டா.